சப்ளை செயினை எதை வைத்து அளப்பது? கேள்வி பதில்

(திருப்பூர் பனியன் தொழிலை மனதில் வைத்து வந்த கேள்விகள் இவை.)

எம்.பி.ஏ. மாணவி, கோவை: சார், ஒரு கம்பெனி எவ்வளவு ஒருங்கிணைந்தது, அதாவது நூல் முதல் தையல் வரை எத்தனை கட்டங்களைச் சேர்த்து ஓட்டுகிறது என்று பார்க்க, கூட்டு மதிப்பை (விற்பனையில் வெளியே வாங்கியதன் செலவைக் கழித்தது) விற்பனையால் வகுத்தால் போதுமா?

பதில்: தொடங்குவதற்கு நல்ல எண்தான் அம்மா. வெளியே வாங்குவது எவ்வளவு, உள்ளே செய்வது எவ்வளவு என்று குத்துமதிப்பாகத் தெரிந்துவிடும். ஆனால் பஞ்சு விலை ஏறும் வருடத்தில், கம்பெனியில் எதுவுமே மாறாமல் இந்த விகிதம் இறங்கிவிடும்.

அதைவிடப் பெரிய விஷயம், சொந்தமாக வைத்திருப்பது வேறு, சேர்த்து ஓட்டுவது வேறு. அமெரிக்க ஆலைகளின் சரக்குத் தரவை வைத்து அட்டாலே, ஹோர்ட்டாசு, சிவர்சன் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் மூவரும் 2014இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அடுத்த கட்ட ஆலையும் ஒரே முதலாளியிடம் இருந்தும், முந்தைய கட்ட ஆலைகளில் ஏறக்குறைய பாதி அதற்கு எதையுமே அனுப்பவில்லை. அதனால், "சொந்த டையிங் (சாயமேற்றும் பிரிவு) இருக்கிறதா?" என்று கேட்டு டிக் அடிக்காதீர்கள். அங்கே சாயம் ஏறிய துணியில் எத்தனை கிலோ சொந்தத் தையலுக்குப் போனது என்று கேளுங்கள்.

மெர்ச்சண்டைசர், திருப்பூர்: எங்களுக்கு நிட்டிங், டையிங், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் அழுத்திச் சீராக்குவது) எல்லாமே ஜாப் வொர்க், வெளியே கூலிக்குக் கொடுத்துச் செய்வதுதான். அப்போ எங்கள் ஒருங்கிணைப்பு பூஜ்யமா அண்ணா?

பதில்: இல்லவே இல்லை. உங்கள் டிசி (டெலிவரி சலான், சரக்கு அனுப்பும் சீட்டு) புத்தகத்தை எடுங்கள் தம்பி. நூல் வெளியே போன தேதி, எடை. துணி திரும்பி வந்த தேதி, எடை. மெஷினில் ஓடிய நேரத்தைக் கழித்தால் மீதி நாட்கள் அந்தச் சரக்கு எங்கோ சும்மா கிடந்தது என்று அர்த்தம். நான் முதலில் பார்க்கும் எண் அதுதான்.

அப்புறம் ஷேடு, அதாவது துணியின் நிறம். நிறம் தப்பியது லேப் டிப் (சாயமேற்றும் முன் காட்டும் சிறு நிற மாதிரி) அப்ரூவலிலேயே தெரிந்தால், உங்களுக்கும் சாயப்பட்டறைக்கும் நடுவே தகவல் ஓடுகிறது. கட்டிங் டேபிளில் துணியை விரித்த பிறகுதான் தெரிகிறது என்றால் ஓடவில்லை. இரண்டு பேரும் ஒரே சாஃப்ட்வேர் வைத்திருந்தாலும் ஓடவில்லைதான்.

ஆய்வு மாணவர்: சங்கிலியை யார் ஆளுகிறார்கள் என்பதை எண்ணாக்க முடியுமா?

பதில்: முடியும். ஜெரெஃபி, ஹம்ஃப்ரி, ஸ்டர்ஜன் என்ற ஆய்வாளர்கள் 2005இல் கொடுத்த சட்டகம் இன்றும் உதவும். ஆர்டர் எவ்வளவு சிக்கலானது, அதைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட முடியுமா, சப்ளையருக்குத் திறமை இருக்கிறதா என்ற மூன்றையும் வைத்து, வெறும் சந்தை முதல் ஒரே நிறுவனத்துக்குள் நடப்பது வரை ஐந்து வகை பிரித்தார்கள்.

களத்தில் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தப் பொருள் செலவில் பையர் கைகாட்டிய நூல், பட்டன், லேபிள் எத்தனை சதவீதம்? ஷிப்மென்ட் தாமதமானால் டெபிட் நோட் (நஷ்டத்தைப் பிடித்தம் செய்யும் சீட்டு) கடைசியில் யார் தலையில் விழுகிறது? கைகாட்டியவர் பையர், தாமதித்தது அவர் கைகாட்டிய ஆள், ஆனாலும் ஏர் ஃப்ரைட் செலவு ஏற்றுமதியாளருக்கு என்றால், அதிகாரம் எங்கே இருக்கிறது என்று வேறு சாட்சி வேண்டாம்.

தர மேலாளர், ஈரோடு: சோஷியல் ஆடிட் (தொழிலாளர் நலன், பாதுகாப்பு பற்றிய தணிக்கை) எத்தனை முடிந்தது என்பதை ஆளுகைக்கான அளவாக வைக்கலாமா?

பதில்: வைக்கக் கூடாது. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டிடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தக் கட்டிடத்தில் இயங்கிய சில தொழிற்சாலைகள் ஆடிட் முடித்தவை. அதன் பிறகு பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட அக்கார்டு என்ற பாதுகாப்பு ஒப்பந்தம் பிராண்டுகளைச் சட்டப்படி கட்டியது, ஆய்வில் கண்ட குறைகளைப் பகிரங்கமாக வெளியிட்டது. கண்ட குறைகளில் எத்தனை சரியானது, அதற்குப் பணம் கொடுத்தது யார் என்று எண்ணுங்கள்.

எம்.பி.ஏ. மாணவி: கடைசியாக ஒன்று சார். ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் கேட்கும் சர்வே சரிதானா?

பதில்: சரி, ஆனால் ஏற்றுமதியாளரை மட்டும் கேட்டு முடித்துவிடாதீர்கள். அதே கேள்வியை அவருடைய சாயப்பட்டறைக்காரரிடமும் தனியாகக் கேளுங்கள். இவர் ஐந்து போட்டு அவர் இரண்டு போட்டால், சராசரி எடுத்து அந்த இடைவெளியை அழித்துவிட வேண்டாம். அதைத் தனிப் பத்தியாகவே அட்டவணையில் காட்டுங்கள்.