உப்புக்காற்றில் கேமரா: எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது

கேள்வி: பாம்பனில் வலை, கயிறு, விசைப்படகு எஞ்சின் உதிரிபாகம் விற்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். பின்னால் தகரக் கொட்டகையில் சரக்கு இருக்கிறது. நான்கு கேமராவுக்கு 25,000 ரூபாய் வரை போடலாம். பக்கத்துக் கடையில் மாட்டியது ஒரே வருடத்தில் மங்கிவிட்டது. வைஃபை கேமராவாக வாங்கினால் செலவு குறையுமா?

பதில்: வைஃபை வேண்டாம். தகரத்தைத் தாண்டி சிக்னல் ஒழுங்காகப் போகாது. விலை குறைந்த வைஃபை கேமராக்கள் பெரும்பாலும் பதிவை உள்ளே இருக்கும் மெமரி கார்டில்தான் வைக்கின்றன. கேமராவைப் பிடுங்கிக்கொண்டு போகிறவன் சாட்சியையும் சேர்த்தே கொண்டுபோகிறான். உங்கள் தொகைக்கு 4 சேனல் டிவிஆர் (நான்கு கேமராவின் படத்தையும் பதிவு செய்யும் பெட்டி), நான்கு 2 மெகாபிக்சல் கேமரா, கேபிள் டிவிக்கு இழுப்பது போன்ற கோஆக்சியல் வயர் என்று போனால் போதும். ஐந்து, எட்டு மெகாபிக்சல் என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். அந்தப் பணத்தை வயருக்கும் ஜங்ஷன் பெட்டிக்கும் ஒதுக்குங்கள்.

ஏனென்றால் உங்கள் ஊரில் கேமராவைக் கெடுப்பது உப்பு. வடகடல், தென்கடல் இரண்டும் பக்கத்தில். வாடையடித்தாலும் கச்சானடித்தாலும் உப்பு வந்து சேரும். பெட்டியில் ஐபி66, ஐபி67 என்று போட்டிருப்பது தூசிக்கும் நல்ல தண்ணீருக்கும் செய்த சோதனை. உப்பு அந்தக் கணக்கில் வராது. படிந்த உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கசியும். முதலில் போவது கேமரா அல்ல, அதன் வால்: கரண்ட் வரும் பவர் பின்னும், படம் போகும் வயரை மாட்டும் பிஎன்சி கனெக்டரும் பச்சை பூத்துவிடும். படம் வரி வரியாக ஓடும், இரவில் மட்டும் அணையும். கேமரா போச்சு என்று புதிது வாங்குவார்கள். பல நேரம் இணைப்பை வெட்டிப் புதிதாகப் போட்டாலே பிழைத்துவிடும்.

ஆகவே ஒவ்வொரு கேமராவுக்கும் பின்னால் மூடி இறுக்கமான பிளாஸ்டிக் ஜங்ஷன் பெட்டி கட்டாயம். இணைப்புகள் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கட்டும். வயர் கீழிருந்து மேலே ஏறி நுழைய வேண்டும். மேலிருந்து இறங்கினால் மழைத் தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே போய்விடும். அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசிய மலிவு வயர் பாம்பனுக்கு ஆகாது. ஒரு முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். திருகாணி 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். அதில் மாலிப்டினம் கலந்திருப்பதால் 304-ஐ விட உப்பைத் தாங்கும். படகு வேலை தெரிந்த உங்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கேமராவின் உடல் பிளாஸ்டிக்காக இருந்தால் இங்கே அது குறையே இல்லை.

பக்கத்துக் கடைக் கேமரா மங்கியதற்குக் காரணம் பெரும்பாலும் கண்ணாடியில் படிந்த உப்புத்தோல். இருட்டில் பார்க்க கேமரா விடும், கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் வெளிச்சம் இரவில் அதில் பட்டுத் திரும்புவதால் படம் வெள்ளையாகப் புகைந்துபோகும். குண்டு மூடி போட்ட டோம் வகையில் இந்தத் தொல்லை அதிகம். வெளியே குழாய் போல நீண்ட புல்லட் வகை போடுங்கள். தாழ்வாரத்துக்குள் மாட்டினால் பத்திரம் என்று நினைப்போம். ஆனால் மழை படாத இடத்தில் உப்பு கழுவப்படாமல் சேர்ந்துகொண்டே போகும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரைத் தெளித்துக் கரைத்துவிட்டு, பிறகு மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். காய்ந்த துணியால் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும்.

எங்கே மாட்டுவது? உயரத்தில் மாட்டிய கேமரா தலைமுடியைத்தான் காட்டும். வாசல் கேமரா ஏழெட்டு அடி உயரத்தில், உள்ளே வருகிறவர் முகத்தைப் பார்க்கட்டும். 2 மெகாபிக்சலில் 2.8 மி.மீ. லென்ஸ் சுமார் 3 மீட்டர் வரைதான் முகத்தை அடையாளம் காட்டும், 6 மி.மீ. லென்ஸ் சுமார் 8 மீட்டர் வரை காட்டும். கல்லாவுக்கும் வாசலுக்கும் 2.8, பின்பக்கச் சந்துக்கு 6 என்று வையுங்கள். நான்காவது கொட்டகைக்குள். வாசல் கேமராவுக்கு நேரே வெயில் அடித்தால் வருகிறவர் முகம் கருத்துவிடும். அந்த ஒன்றுக்கு மட்டும் வெயிலையும் நிழலையும் சமன் செய்யும் ‘டபிள்யூடிஆர்’ வசதி உள்ள மாடலாகக் கேளுங்கள்; ‘டிடபிள்யூடிஆர்’ என்பது மென்பொருளால் ஒப்பேற்றுவது, அது வேண்டாம்.

பதிவைச் சேமிக்கும் ஹார்ட் டிஸ்க்கில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகெல்லாம் கரையேறும், பழுதுபார்க்கும் ஆட்கள் உங்கள் கடையில் குவிவார்கள். ஒரு பேரிங், ஒரு நாசில் காணாமல் போனது சரக்கு எண்ணும்போதுதான் தெரியும். அதற்குள் ஒரு மாதம் ஓடியிருக்கும். ஒரு கேமராவின் பதிவு அளவை நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தால் நான்குக்கும் சேர்த்து ஒரு நாளுக்குச் சுமார் 86 ஜிபி. 1 டிபி டிஸ்க் 11 நாள்தான் தாங்கும், 2 டிபி 23 நாள். படத்தைக் கூடுதலாகச் சுருக்கும் எச்.265 முறையில் 1 மெகாபிட்டாகக் குறைத்தால் 2 டிபியில் 46 நாள் வரும். கம்ப்யூட்டர் டிஸ்க் வேண்டாம்; இரவும் பகலும் எழுதிக்கொண்டே இருக்கச் செய்த கண்காணிப்பு ரக டிஸ்க் தனியாக உண்டு.

டிவிஆரைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைக்காமல் பூட்டிய அலமாரிக்குள், காற்றோட்டம் விட்டு வையுங்கள். எல்லாம் சேர்ந்து 40 வாட் அளவுதான் இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து ஒரு லைன் இழுத்தால் மின்தடை பிரச்சினை தீர்ந்தது. ஐப்பசி, கார்த்திகை இடிக்கு எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பாஸ்வேர்டை மாட்டுகிறவரிடம் விடாதீர்கள், அவர் எல்லாக் கடைக்கும் ஒன்றையே போடுவார். 2016-இல் மிராய் என்ற வைரஸ் உலகெங்கும் கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது, கம்பெனி போட்ட பாஸ்வேர்டு மாறாமல் கிடந்ததால்தான். வாங்கும்போது மத்திய அரசின் தரச் சோதனை அமைப்பான எஸ்டிக்யூசியின் சான்று உள்ள மாடலா என்று கேளுங்கள், 2025 ஏப்ரல் முதல் அந்தப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். மாடல் எண் பில்லில் இருக்கட்டும்.

திருட்டு நடந்துவிட்டால் முதலில் டிவிஆர் கடிகாரத்தை உங்கள் செல்போன் நேரத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை எழுதி வையுங்கள். பழைய பதிவின் மேல் புதியது ஏறும் முன் அந்த நேரத்துக் காட்சியை பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள், டிஸ்க்கை அழிக்காதீர்கள். வழக்கு நீதிமன்றம் போனால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி அந்தப் பதிவுக்குச் சான்றிதழ் வேண்டும். ஒரு பகுதியில் உங்கள் கையெழுத்து, இன்னொன்றில் நிபுணர் கையெழுத்து. புகார் கொடுக்கும்போதே இதைக் காவல் நிலையத்தில் கேட்டுவிடுங்கள்.