ஆற்றோர வீட்டில் குடியிருக்கலாம், அதை வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 38, கணவருக்கு 41. பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். முழங்கால் வலியால் படியேற முடியாத மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். கணவருக்கு இரண்டு ஊர்களில் வேலை கிடைத்திருக்கிறது, சம்பளம் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் ஊரில் ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு தனிவீடு பார்த்திருக்கிறோம். அது ‘100 ஆண்டு வெள்ள’ எல்லைக்குள் வருகிறது என்று வரைபடம் காட்டுகிறது. இரண்டாவது ஊரில் வெள்ளத்துக்கு வழியில்லை, ஆனால் நிலநடுக்கப் பகுதி. அங்கே அதே அளவு வீட்டுக்கு விலை கால் பங்கு அதிகம். எங்கள் சேமிப்பு, ஆற்றோர வீட்டின் விலையில் 30 சதவீதம் வரும். அதை மொத்தமாகப் போட்டு, மீதிக்கு 20 ஆண்டுக் கடன் வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். “நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற வெள்ளத்துக்குப் பயந்து இவ்வளவு மலிவா கிடைக்கிற வீட்டை விடுவதா?” என்று கேட்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. எந்த ஊர் சரி?

பதில்: முதலில் அந்த ‘100 ஆண்டு’ என்ற பெயரைப் பார்த்துவிடுவோம். இந்தப் பெயரை நம்பி ஏமாந்தவர்கள் நிறைய. ஒரு முறை வந்தால் அடுத்த 99 ஆண்டுகளுக்கு வராது என்று அதற்குப் பொருள் இல்லை. எந்த ஓர் ஆண்டிலும் அந்த அளவு வெள்ளம் வர 1 சதவீத வாய்ப்பு உண்டு என்பதுதான் பொருள். போன வருஷம் வந்திருந்தாலும் இந்த வருஷமும் அதே 1 சதவீதம்தான். இதை உங்கள் 20 ஆண்டுக் கடனோடு சேர்த்துப் பாருங்கள். கடன் முடிவதற்குள் ஒரு முறையாவது வெள்ளம் வர வாய்ப்பு சுமார் 18 சதவீதம். 30 ஆண்டு என்றால் 26 சதவீதம், அதாவது நாலில் ஒன்று. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம் 2015, 2016, 2017 என்று அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் பெருவெள்ளத்தில் மூழ்கியது.

இன்னொன்று. அந்த 1 சதவீதம் என்பது வரைபடத்தில் உள்ள கோட்டின் ஓரத்தில் இருக்கும் வீட்டுக்கான கணக்கு. கோட்டுக்கு உள்ளே, ஆற்றை நெருங்க நெருங்க வாய்ப்பு கூடும். ‘எல்லைக்குள் வருகிறது’ என்று மட்டும் தெரிந்தால் போதாது. அந்த வெள்ளம் வந்தால் தண்ணீர் எந்த உயரம் வரை நிற்கும், வீட்டின் தரைமட்டம் அதற்கு மேலா கீழா என்பதுதான் கேள்வி. ஒரே தெருவில் இரண்டு அடி உயர வித்தியாசத்தில் ஒரு வீடு தப்பிக்கும், எதிர்வீடு நாசமாகும்.

இனி உங்கள் கணவரின் கணக்குக்கு வருகிறேன். அதை அலட்சியமாகத் தள்ளிவிட எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் சராசரியாகப் பார்த்தால் அவர் சொல்வது சரி. ஆற்றோர வீட்டின் விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள், மற்றது 125. வெள்ளம் வந்தால் கட்டடமும் பொருள்களுமாக 40 போகிறது என்போம். 18 சதவீத வாய்ப்பில் 40 என்றால், 20 ஆண்டுக்குச் சராசரி நஷ்டம் 7 அல்லது 8. வாய்ப்பு ஆண்டுக்கு 2 சதவீதம் என்று இரட்டிப்பாக வைத்தாலும் 13 பக்கம்தான் வரும். விலையில் மிச்சமாவதோ 25. காகிதத்தில் ஆற்றோர வீடுதான் லாபம்.

ஆனால் சராசரி என்பது பத்தாயிரம் வீடுகளை வைத்திருப்பவருக்குப் பொருந்தும் கணக்கு. உங்களிடம் இருக்கப்போவது ஒரு வீடு. உங்களுக்கு 8 நஷ்டம் என்று ஒன்று நடக்கவே நடக்காது. ஒன்று சுழி, இல்லையென்றால் 40.

அந்த 40 மூன்றாவது ஆண்டில் வருவதாக நினைத்துப் பாருங்கள். சேமிப்பு முழுவதும் வீட்டுக்குள் போய்விட்டது, கையில் எதுவும் இல்லை. கடன் பாக்கி இன்னும் 60-க்கு மேல். மாதத் தவணை நிற்காது. வீட்டைச் சுத்தம் செய்து காய வைத்து, சுவரையும் மின்வயரையும் மாற்றும் வரை வேறு இடத்தில் வாடகையும் கொடுக்க வேண்டும். கணவரின் அலுவலகம் அதே ஊரில் இருக்கிறது. ஊர் மூழ்கினால் அதுவும் மூடிக்கிடக்கும், சம்பளம் தள்ளிப்போகலாம். சரி, விற்றுவிட்டுப் போய்விடலாம் என்றால், அதே தெருவில் பத்துப் பேர் அதே வாரத்தில் விற்க வருவார்கள். வீடு, வேலை, சேமிப்பு மூன்றும் ஒரே நாளில் அடி வாங்குகின்றன. நிதித் திட்டமிடலில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். தனித்தனியாக வந்தால் தாங்கக்கூடிய நஷ்டங்கள் ஒன்றாக வரும்போது குடும்பத்தை உடைத்துவிடும்.

‘இன்சூரன்ஸ் எடுத்துக்கொள்கிறோம்’ என்பீர்கள். எடுக்கத்தான் வேண்டும். ஆனால் மூன்று விஷயங்களைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். வீட்டுக் காப்பீடு என்றால் எல்லாம் அடங்கும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் சாதாரண வீட்டு பாலிசியில் வெள்ளமும் நிலநடுக்கமும் சேர்வதில்லை, அவற்றுக்குத் தனியாக எடுக்க வேண்டும். உங்கள் பாலிசியில் அந்தச் சொற்கள் எங்கே, எப்படி எழுதியிருக்கின்றன என்று தேடிப் படியுங்கள். அடுத்து, க்ளெய்மில் நீங்கள் கையிலிருந்து போட வேண்டிய பங்கு எவ்வளவு என்று பாருங்கள். புயல், நிலநடுக்க பாலிசிகளில் இது பெரும்பாலும் குறிப்பிட்ட தொகையாக இல்லாமல், காப்பீடு செய்த மதிப்பில் இத்தனை சதவீதம் என்று இருக்கும். நிலநடுக்கத்துக்கு 10, 15 சதவீதம் என்பதெல்லாம் சாதாரணம். சேமிப்பைத் துடைத்துவிட்டு வீடு வாங்கினால் அந்தப் பங்கை எங்கிருந்து போடுவீர்கள்?

மூன்றாவது விஷயத்தை யாரும் சொல்வதில்லை. கடன் 20 ஆண்டுக்கு, பாலிசி ஓர் ஆண்டுக்கு. ஒவ்வோர் ஆண்டும் பிரீமியத்தை ஏற்றவோ, புதுப்பிக்க மாட்டேன் என்று சொல்லவோ நிறுவனத்துக்கு வழி இருக்கிறது. கலிஃபோர்னியாவில் காட்டுத்தீ நஷ்டங்கள் பெருகிய பின், 2023-இல் அங்கே மிகப் பெரிய வீட்டுக் காப்பீட்டு நிறுவனமே புதிய பாலிசி எழுதுவதை நிறுத்தியது. பாலிசி கிடைக்காத வீட்டுக்குக் கடன் கொடுக்க வங்கி தயங்கும். அப்போது அந்த வீட்டை வாங்குவதற்கும் ஆள் கிடைக்காது. பிரிட்டனில் வெள்ளப் பகுதி வீடுகளுக்குக் கட்டுப்படியாகும் விலையில் காப்பீடு கிடைக்க ‘ஃப்ளட் ரீ’ என்ற ஏற்பாட்டை 2016-இல் தொடங்கினார்கள். அது 2039 வரை மட்டுமே. 2009-க்குப் பிறகு கட்டிய வீடுகளுக்கு அதில் இடமும் இல்லை. ஆகவே விலை பேசி முடிப்பதற்கு முன்பே அந்த முகவரிக்கு பிரீமியம் எவ்வளவு என்று இரண்டு நிறுவனங்களிடம் கேளுங்கள். அவர்கள் சொல்லும் தொகை, எந்த வரைபடத்தையும் விட நேர்மையாகப் பேசும்.

இரண்டாவது ஊருக்கு வருவோம். ‘நிலநடுக்கப் பகுதி’ என்ற ஒரே சொல்லை வைத்து ஊரை ஒதுக்கிவிடாதீர்கள். உயிரையும் பணத்தையும் தீர்மானிப்பவை கட்டடமும் அதன் கீழே இருக்கும் மண்ணும்தான். 2010 ஜனவரியில் ஹெய்ட்டியில் வந்த நிலநடுக்கத்தின் அளவு 7. லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அடுத்த மாதமே சிலியில் 8.8 வந்தது. வெளிப்பட்ட ஆற்றலில் பல நூறு மடங்கு பெரியது. இறந்தவர்கள் சில நூறு பேர். நடுக்கத்தின் ஆழமும் ஊரிலிருந்து அதன் தூரமும் ஒரு காரணம்தான். ஆனால் கட்டட விதிகளைச் சிலி பல காலமாகக் கண்டிப்பாகக் கடைப்பிடித்து வந்தது பெரிய காரணம். மண்ணுக்கு எடுத்துக்காட்டு மெக்சிகோ நகரம். 1985-இல் நடுக்கம் பிறந்த இடம் 350 கிலோமீட்டருக்கும் அப்பால் கடலோரத்தில் இருந்தது. ஆனாலும், பழைய ஏரிப்படுகையின் மென்களிமண் மேல் நின்ற நகரப் பகுதிதான் மிக மோசமாகச் சரிந்தது. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2011-இல் மண் நீர்போல் இளகியது. சுமார் 8,000 வீடுகள் இருந்த நிலத்தையே இனி குடியிருப்புக்கு உதவாது என்று அரசு வாங்கிக்கொண்டது. எல்லா அரசும் அப்படி வாங்கிக்கொள்ளும் என்று எண்ணி யாரும் வீடு வாங்க வேண்டாம்.

அதனால் அந்த ஊரில் வீடு பார்க்கும்போது, நிலநடுக்க விதிகள் இறுக்கமான பிறகு கட்டியதா என்று கேளுங்கள். கீழே இருப்பது பாறையா, இறுகிய மண்ணா, ஏரியை மண் கொட்டி நிரப்பிய நிலமா என்று கேளுங்கள். கீழ்த்தளம் முழுக்க கார் நிறுத்த வெறும் தூண்களாக விட்டு, மேலே தளம் தளமாக ஏற்றிய கட்டடம் என்றால் நகர்ந்துவிடுங்கள். அந்தப் பலவீனமான கீழ்த்தளம்தான் முதலில் மடியும். ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கூட்டிப்போய்க் காட்டும் செலவு, வீட்டு விலையின் முன் தூசு. இந்த ஆபத்தில் ஒரு நல்லதும் உண்டு. அதன் பெரும்பகுதியைப் பணம் செலவழித்துக் குறைக்க முடியும். ஆற்றின் பாதையில் நிற்கும் வீட்டுக்கு அந்த வசதி குறைவு. தரையை உயர்த்தலாம், ஆற்றை நகர்த்த முடியாது.

இப்போது என் பதில். வாழ்வதும் வாங்குவதும் இரண்டு தனி முடிவுகள். நீங்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழம்புகிறீர்கள். கணவருக்கு முதல் ஊர் வேலைதான் பிடித்திருக்கிறது என்றால் தாராளமாகப் போங்கள், ஆனால் அங்கே வாடகைக்கு இருங்கள். வாடகை வீண் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. சுவரும் தரையும் நாசமாகும் நஷ்டத்தை வீட்டுக்காரர் தலையில் விட்டுவைப்பதற்கான விலை அது. இரண்டு மழைக்காலம் இருந்து பாருங்கள். தண்ணீர் எந்தத் தெருவில் ஏறுகிறது, எதில் ஏறவில்லை என்று தெரிந்துவிடும். பழைய ஆள்களிடம் கேளுங்கள். ஜப்பானில் அனேயோஷி என்ற சிற்றூரில், 1933 ஆழிப்பேரலைக்குப் பிறகு ‘இந்த இடத்துக்குக் கீழே வீடு கட்டாதீர்கள்’ என்று கல் நட்டு வைத்தார்கள். ஊர் அதைக் கேட்டு மேலேயே குடியிருந்தது. 2011-இல் அலை அந்தக் கல்லுக்குக் கீழேயே நின்றுவிட்டது. அப்படி ஒரு கல் இல்லாத ஊரிலும் சுவரில் தண்ணீர் நின்ற கோடு இருக்கும், அதைப் பார்த்த பாட்டி ஒருவர் இருப்பார். அப்புறம் அதே ஊரில் மேட்டுப் பகுதியில் வீடு வந்தால் வாங்குங்கள். இப்போது பார்த்திருக்கும் ஆற்றோர வீட்டை, சேமிப்பு மொத்தத்தையும் போட்டு வாங்க வேண்டாம்.

உடனே சொந்த வீடு வேண்டும் என்று இருவரும் உறுதியாக இருந்தால் இரண்டாவது ஊருக்குப் போங்கள். ஆனால் 125 விலை வீட்டுக்குப் போகாதீர்கள். ஒரு அறை குறைவாக, 100-க்குக் கிடைப்பதைத் தேடுங்கள். சேமிப்பில் 20 மட்டும் முன்பணமாகப் போட்டு, 10-ஐ வெளியே வையுங்கள். தவணையும் வீட்டுச் செலவும் எத்தனை மாதம் அதில் ஓடும் என்று கணக்குப் போடுங்கள். 12 மாதத்துக்குக் குறைந்தால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பணத்தை உடனே எடுக்கும்படியான வைப்புக் கணக்கில், வேறு ஊரிலிருந்தும் எடுக்கும் வசதியோடு வைக்க வேண்டும்.

கடைசியாக உங்கள் மாமியார். மனசு ஒப்பவில்லை என்று நீங்கள் எழுதியதற்கு அவரும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 2018-இல் கலிஃபோர்னியாவின் பாரடைஸ் ஊரைத் தீ விழுங்கியபோது இறந்த 85 பேரில் பெரும்பாலானவர்கள் வயதானவர்கள். வெளியேறும் சாலைகளோ சில மட்டுமே, அவையும் வாகனங்களால் அடைத்துக்கொண்டன. எந்த ஊரானாலும், அவர் படியேறாமல் நுழையக்கூடிய தரைத்தள வீடு உங்களுக்குத் தேவை. முதல் ஊரில் அது மேட்டில்தான் இருக்க வேண்டும். தாழ்வில் இருக்கும் தரைத்தளத்தில் தண்ணீர் ஏறும்போது அவரை மாடிக்குத் தூக்கிச் செல்ல உங்களால் முடியாது. வீடு பார்க்கப் போகும் நாளில் அவரையும் அழைத்துப் போங்கள். வாசலிலிருந்து காருக்கும், அங்கிருந்து ஊருக்கு வெளியே போகும் இரண்டாவது சாலைக்கும் போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று அவரோடு ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு, அதன் பிறகு விலை பேசுங்கள்.