கான்ஸ்ட்ரெயின்ட் எரர் வந்தால் எதை அழிப்பது? நெல்லைச் சீமை வாசகர் கேள்விகள்

அரிசி மில் மோட்டாருக்கு ஃப்ரீகேட் என்ற வரைபட மென்பொருளில் பேஸ் பிளேட் (அடித்தகடு) வரைகிறேன். செவ்வகத்தின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு ‘ஈக்வல்’ (சமம்) என்ற கான்ஸ்ட்ரெயின்ட், அதாவது கட்டு, கொடுத்ததும் ‘ரிடண்டன்ட்’ (மிகை) என்கிறது. என்ன தப்பு? – அம்பாசமுத்திரம்

தப்பில்லை, சொன்னதையே மறுபடி சொல்லியிருக்கிறீர்கள். கணக்குப் பாருங்கள். ஒரு கோட்டுக்கு இரண்டு முனை, ஒவ்வொரு முனைக்கும் எக்ஸ், ஒய் என 2 அசைவு. ஆக நான்கு கோட்டுக்கு 16. மூலைகளை ஒட்டும் நாலு கோஇன்சிடென்ட் தலைக்கு 2 வீதம் 8-ஐ எடுத்துக்கொள்ளும். ஹாரிசான்டல் (கிடைமட்டம்) இரண்டும் வெர்டிகல் (செங்குத்து) இரண்டும் இன்னொரு 4. மிச்சம் 4: நீளம், அகலம், நிற்கும் இடத்துக்கு 2. செவ்வகக் கருவி இந்த எட்டுக் கட்டுகளையும் தானே போட்டுவிடுகிறது. எதிர்ப்பக்கம் சமம் என்பது அதிலேயே அடக்கம். ஈக்வலை அழியுங்கள். நீளம், அகலம் கொடுத்து ஒரு மூலையை ஆரிஜினில் (அச்சுகள் வெட்டும் புள்ளியில்) ஒட்டினால் ஸ்கெட்ச் பச்சையாகிவிடும், அதாவது அசைவே மிச்சமில்லை.

மேல் பக்கம் 200, கீழ்ப் பக்கம் 201 என்று கொடுத்தால் வருவது ‘கான்ஃப்ளிக்ட்’ (முரண்). அது வேறு வியாதி. கடைசியாகப் போட்டதைக் கண்ணை மூடிக்கொண்டு அழிக்காதீர்கள். மெசேஜில் உள்ள இணைப்பை அழுத்தினால் மோதுகிற கட்டுகள் எல்லாம் தேர்வாகும். பல நேரம் புது அளவு சரியாகவே இருக்கும். வாட்டம் வைத்து வரைந்த கோட்டின் மேல் தானாக விழுந்த ஹாரிசான்டல்தான் குற்றவாளி.

ஆட்டோகேட் வரைபட மென்பொருளின் சிறிய பதிப்பான எல்.டி.யில் பேரலல் (இணை), டேன்ஜென்ட் (தொடுகோடு) எதையும் போட முடியவில்லையே? – சங்கரன்கோவில்

எல்.டி.யில் இப்படிப்பட்ட ஜியாமெட்ரிக் கான்ஸ்ட்ரெயின்ட் (வடிவக் கட்டு) உருவாக்க வழியில்லை. முழு ஆட்டோகேடில் போட்டு வந்ததைப் பார்க்கலாம், அழிக்கலாம்.

ஃப்ரீகேடில் ஸ்லாட்டின் (இரு முனையும் வளைந்த நீள்துளையின்) அளவை மாற்றினால் வளைவு உள்பக்கமாகப் புரண்டுவிடுகிறது. – கங்கைகொண்டான்

டேன்ஜென்டுக்கு இரண்டு விடை உண்டு. சால்வர் (கட்டுகளைக் கணக்கிட்டு விடை காணும் பகுதி) மற்றதற்குத் தாவிவிட்டது. கோட்டையும் வளைவையும் தேர்ந்தெடுக்காமல், அவை சந்திக்கும் இரண்டு முனைப்புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து டேன்ஜென்ட் கொடுங்கள். அதில் கோஇன்சிடென்டும் சேர்ந்தே வருவதால் தனியாக இன்னொன்று வேண்டாம். அளவையும் 20-லிருந்து 200-க்கு ஒரே தாவாகத் தாவவிடாமல் படிப்படியாக ஏற்றுங்கள்.

ஆட்டோகேடில் சுவரை மனை எல்லைக்குப் பேரலல் ஆக்கினால் எல்லைக்கோடே திரும்புகிறது. – பாளையங்கோட்டை

முதலில் தொட்டது நிற்கும், இரண்டாவது நகரும். எல்லையை முதலில் தொடுங்கள். அதைவிட, வேலை தொடங்கும்போதே மனையின் மூலைப்புள்ளிகளுக்கு ‘ஃபிக்ஸ்’ போட்டுவிடுவது நல்லது. சர்வே அளவு அசையவே கூடாது.

மனை மூலைமட்டத்தில் இல்லாவிட்டால் அடுத்த சிக்கல் வரும். இரண்டு சுவரையும் இரண்டு எல்லைக்கும் பேரலல் ஆக்கியபின் அவற்றுக்குள் பர்பெண்டிகுலர் (செங்கோணம்) கேட்டால் மென்பொருள் ஏற்காது. தெருப்பக்கச் சுவரை மட்டும் எல்லையோடு கட்டி, பக்கச் சுவரை அதற்குப் பர்பெண்டிகுலர் ஆக்குங்கள். பக்கவாட்டுச் சந்து ஒரு முனையில் குறுகும்: மூலை 1 டிகிரி பிசகினால் 40 அடி நீளத்துக்குச் சுமார் 8 அங்குலம். குறுகிய முனையில் விதிப்படி விட வேண்டிய இடம் இருக்கிறதா என்று அங்கே டைமென்ஷன் வைத்துப் பாருங்கள்.