ஆண் பட்டுப்பூச்சியின் வயிற்றில் நெளியும் வெள்ளை நூல் புழுவா?

கேள்வி: பைவோல்டின் (ஆண்டுக்கு இரண்டு தலைமுறை வரும் வகை) பட்டுப்பூச்சிகளை வைத்து முட்டை உற்பத்தி செய்கிறேன். இந்த முறை ஆண் பூச்சிகள் குறைவாக இருந்ததால் ஒவ்வொன்றையும் நான்கு தடவை வரை இணைய விட்டேன். கடைசியில் இணைந்த பெண் பூச்சிகளின் முட்டைகள் நிறம் மாறாமல் மஞ்சளாகவே நின்றுவிட்டன. ஓர் ஆணை உப்புக் கரைசலில் அறுத்துப் பார்த்தேன். வெள்ளை நூல் போல ஒன்று சுருண்டு கிடந்தது, நெளியவும் செய்தது. இது புழுவா? முட்டை பொரியாததற்கு இதுதான் காரணமா?

பதில்: பயப்படாதீர்கள், அது புழு இல்லை. பூச்சியின் சொந்த விந்துக் குழாய்தான். நெளிந்ததால் சந்தேகம் வந்தது நியாயமே. குழாயின் வெளிச்சுவரில் தசை இருக்கிறது, அறுத்த பிறகும் கொஞ்ச நேரம் அது சுருங்கி விரியும். அடுத்த முறை ஊசியால் மெதுவாகப் பிரித்துக்கொண்டே போய்ப் பாருங்கள். புழுவென்றால் இரண்டு நுனியும் தனியாக வந்துவிடும். இதுவோ ஒரு பக்கம் பூச்சியின் ஆணுறுப்பில் போய் முடியும், மறுபக்கம் இரண்டாகக் கிளை பிரியும். மேலெல்லாம் வெள்ளி இழை போன்ற மூச்சுக் குழல்கள் ஒட்டியிருக்கும்.

அந்தக் கிளைகளைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் கிடைக்கும். பட்டுப்பூச்சிக்கு விந்தகம் இரண்டு. (பெரும்பாலான மற்ற அந்துப்பூச்சிகளில் இரண்டும் சேர்ந்து ஒரே உருண்டையாகிவிடும்.) ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மெல்லிய நாளம் இறங்கி, வழியில் பருத்து விந்து தேங்கும் பையாகிறது. அதற்குக் கீழே நீளமான துணைச் சுரப்பிகளோடு கூடிய இரட்டைக் குழாய். அதன் பிறகு, நீங்கள் பார்த்த ஒற்றைக் குழாய்.

பெப்ரின் நோய்ச் சோதனைக்கு வைத்திருக்கும் நுண்ணோக்கி உங்களிடம் இருக்குமே, அதில் இந்தக் குழாயின் குறுக்குவெட்டைப் பார்க்க முடிந்தால் அமைப்பு தெளிவாகப் புரியும். உள்ளே ஒரே அடுக்குச் செல்கள், அதற்கு வெளியே மெல்லிய சவ்வு, அதையும் சுற்றித் தசை. இடத்துக்கு இடம் மாறுவது அந்தச் செல்களின் வேலைதான். துணைச் சுரப்பியில் அவை சுரப்பு மணிகளால் நிறைந்திருக்கும். ஒற்றைக் குழாயின் கடைசிப் பகுதியில், பூச்சியின் மேல்தோலில் இருப்பது போன்ற கெட்டியான பூச்சு உட்புறத்தை மூடியிருக்கும்.

தேங்கும் பையில் இருக்கும் விந்தணுக்கள் அசையாமல் கிடக்கும். அவை இரண்டு வகை. கரு (செல்லின் உட்கரு) உள்ளவை 256 சேர்ந்த கற்றைகளாக இருக்கும், முட்டையைக் கருவுறச் செய்பவை இவைதான். கரு இல்லாதவை தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும். இவற்றை வீண் என்று நினைத்துவிடாதீர்கள். இவை சரியாக உருவாகாத பட்டுப்பூச்சிகளில், கரு உள்ளவை பெண்ணின் விந்து சேமிப்புப் பைக்குப் போய்ச் சேர முடியவில்லை என்று 2019இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. விந்து வெளியேறும்போது குழாயின் கடைசியில் உள்ள சுரப்பியிலிருந்து ஒரு நொதி கலக்கிறது. அப்போதுதான் விந்தணுவுக்கு அசைவு வருகிறது.

ஆக, ஒரு தடவை இணைவதற்குப் பையில் சரக்கு வேண்டும், துணைச் சுரப்பி நீர் வேண்டும், கடைசிச் சுரப்பியும் நிறைந்திருக்க வேண்டும். புகையிலை வெட்டுப்புழுவின் அந்துப்பூச்சி போன்ற சில வகைகளில், விந்தகத்திலிருந்து விந்து இறங்குவதே ஒரு நாள் கணக்கில்தான் நடக்கிறது. மாலையில் மேல் நாளத்துக்கு வந்து, இரவெல்லாம் அங்கே நின்று, அப்புறம்தான் பைக்குப் போகும். நான்காவது தடவை உங்கள் ஆண் பெண்ணோடு ஒட்டித்தான் இருந்திருக்கும், ஆனால் கொடுக்க அதனிடம் போதிய சரக்கு இருந்திருக்காது.

ஓர் ஆணை இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் சுமார் 3 மணி நேரம் இணையட்டும். நடுவில் ஆண்களைத் தனியே பிரித்து, 5 முதல் 7 டிகிரி குளிரில் ஓய்வாக வையுங்கள்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். முதல் தடவை இணைந்த பெண்களின் முட்டைகள் இரண்டு மூன்று நாளில் கருத்தனவா? கருத்திருந்தால் விஷயம் நான் சொன்னதுதான். அவையும் மஞ்சளாகவே நின்றிருந்தால், கூடு கட்டும்போதும் கூட்டுப்புழுப் பருவத்திலும் அறை எவ்வளவு சூடாக இருந்தது என்று குறிப்பேட்டில் தேடுங்கள். 32 டிகிரியை ஒட்டிய வெப்பம் தொடர்ந்தால், கரு உள்ள விந்தணு விந்தகத்திலேயே கெட்டுப்போகும். அப்படியானால் அந்தத் தொகுதி ஆண்களை இனப்பெருக்கத்துக்கு வைக்காதீர்கள்.