வயல் இயந்திர இரைச்சலும் காதும்: கேள்வி பதில்

கேள்வி: டிராக்டர் ஓட்டிய மாலையில் காது அடைத்துக்கொண்டு 'ஙொய்' என்று இரைகிறது, காலையில் சரியாகிவிடுகிறது. கவலைப்பட வேண்டுமா?

பதில்: கட்டாயம் கவலைப்பட வேண்டும். காலையில் சரியாகிவிடுவதுதான் பலரையும் ஏமாற்றுகிறது. உட்செவியில் ஒலியை வாங்கி நரம்புக்குத் தரும் மயிரணுக்கள் அளவு மீறிய இரைச்சலில் முதலில் சோர்கின்றன. அதே இரைச்சல் நாள்தோறும் தொடர்ந்தால் மடிகின்றன. மடிந்தவை மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. சேதம் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கீச்சொலிகளில் தொடங்குவதால், குரல் கேட்கும், சொல் விளங்காது. கலப்பையைக் கவனிக்க எப்போதும் வலப்பக்கமே திரும்பிப் பார்த்து ஓட்டுபவருக்கு, இயந்திரத்தை நோக்கியிருக்கும் இடக்காது முந்திக் கெடுவதுண்டு.

கேள்வி: எவ்வளவு நேரம் பாதுகாப்பானது?

பதில்: 85 டெசிபல் (ஒலி அளவின் அலகு) இரைச்சலுக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்; 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். மரம் அறுக்கும் சங்கிலி ரம்பம் அதையும் தாண்டும். கையெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், வரம்பு மீறிவிட்டதென்றே கொள்ளுங்கள்.

கேள்வி: பஞ்சு வைத்தால் போதாதா?

பதில்: போதாது. பஞ்சு தடுப்பது சொற்பம். காப்பு இருக்கிறதென்று நம்பவைத்துக் கூடுதல் நேரம் நிற்கவைப்பதே அதன் தீங்கு.

கேள்வி: காதை அடைத்துக்கொண்டால் இயந்திரக் கோளாறு எப்படித் தெரியும்? அனுபவமுள்ள ஓட்டுநர் எவரும் இதை ஒப்பமாட்டார்.

பதில்: நியாயமான அச்சம்தான். ஆனால் காதில் செருகும் நுரை அடைப்பான் ஒலியை நிறுத்துவதில்லை, குறைக்கிறது. இரைச்சலும் கோளாறின் ஓசையும் சேர்ந்தே குறைவதால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு காதுக்குப் புலப்படவே செய்யும். சில நாளில் அந்த ஓசை பழகிவிடும். ஏற்கெனவே செவித்திறன் குறைந்தவருக்கு மட்டும் இது உண்மையிலேயே சிரமம். அவர் மருத்துவரைக் கேட்டு, அளவாகக் குறைக்கும் அடைப்பானைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அதே நபர்: பின்னால் நிற்பவர் கூப்பிடுவது கேட்காமல் விபத்து நேர்ந்தால்?

பதில்: அந்த இரைச்சலில் வெறுங்காதுக்கும் அவர் குரல் எட்டாது. ஓடும் இயந்திரத்தருகே குரலை நம்பி ஆளை நிறுத்துவதுதான் ஆபத்து. கைச்சைகைகளை முன்பே பேசி வையுங்கள். ஓட்டுநர் கண்ணால் பார்த்து இயந்திரத்தை நிறுத்திய பிறகே எவரும் அருகே செல்லட்டும்.

கேள்வி: எண்ணெயில் நனைத்த பஞ்சு?

பதில்: மேலே பஞ்சைப் பற்றிச் சொன்னதைப் படியுங்கள். எண்ணெயும் வேண்டாம்.

கேள்வி: நுரை அடைப்பான் நழுவி விழுகிறதே?

பதில்: மெல்லிய திரியாக உருட்டி, மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதுமடலை மேல்நோக்கியும் பின்நோக்கியும் இழுத்துச் செருகி, அது விரியும்வரை விரலால் பிடித்திருங்கள். பூச்சிமருந்து பட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் தொடாதீர்கள்.

கேள்வி: ஆட்களுக்கு அடைப்பான் வாங்கிக் கொடுத்தால் என் பொறுப்பு தீர்ந்ததா?

பதில்: தீரவில்லை. முதலில் ஓட்டை விழுந்த சைலன்சரை மாற்றுங்கள், அதிரும் தகடுகளை இறுக்குங்கள், பம்பு இயந்திரத்தை ஆட்களிடமிருந்து தள்ளி வையுங்கள்; திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போது ஏறக்குறைய 6 டெசிபல் குறையும்.

கேள்வி: காதிரைச்சலுக்கு என்ன மாத்திரை?

பதில்: அதைச் செவி மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு காது திடீரெனக் கேட்காமல் போனால், அன்றைக்கே செல்லுங்கள்.