விளக்கில் 'காலே' என்று இருந்தால் அசல்தானா?

கேள்வி: பாட்டி விட்டுச்சென்ற மேசை விளக்கு ஒன்று என்னிடம் இருக்கிறது. காளான் போன்ற கண்ணாடி மூடி, அதே கண்ணாடியில் அடிப்பாகம். மஞ்சள் பின்னணியில் பழுப்புப் பூக்களும் ஒரு தும்பியும். மூடியின் ஓரத்தில் 'காலே' என்ற பெயர். இது அசலா, என்ன விலை போகும்?

பதில்: பெயரைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, முதலில் கண்ணாடியைப் பாருங்கள்.

பிரான்சின் நான்சி நகரில் எமில் காலேயின் ஆலை செய்த இந்த வகை விளக்குகளில், ஒரு நிறக் கண்ணாடியின் மேல் இன்னொரு நிறம் அடுக்காகப் படிந்திருக்கும். மேல் அடுக்கை அமிலத்தால் அரித்து எடுப்பார்கள். மிஞ்சுவதுதான் பூவும் தும்பியும். அதனால் கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே பூ மேடாகத் தட்டுப்பட வேண்டும். அப்புறம் மூடியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பல தடவை அரித்த நல்ல வேலையில் ஒரே இதழுக்குள் நிறம் அடர்ந்தும் மெலிந்தும் போகும். அந்த அழகைப் பார்க்கத்தான் இந்த விளக்கையே செய்தார்கள். அவசர நகலில் பூ, காகிதத்தில் வெட்டி ஒட்டியது போலத் தட்டையாக நிற்கும்.

சரி, இப்போது பெயருக்கு வருவோம். ருமேனியாவில் இதே பாணியில் செய்த நகல்களில் 'டிப் காலே' என்றே எழுதியிருப்பார்கள். 'டிப்' என்றால் அந்த மொழியில் 'வகை'. செய்தவர்கள் ஏமாற்றவில்லை, பின்னால் விற்ற சிலர்தான் அந்த முதல் சொல்லைத் தேய்த்து எடுத்துவிட்டார்கள். ஆகவே பெயருக்குப் பக்கத்தில் லேசான பள்ளமோ வேறு மாதிரிப் பளபளப்போ இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். அங்கே சிறிய நட்சத்திரம் இருந்தால் பயப்பட வேண்டாம். காலே 1904-இல் இறந்த பிறகு சில ஆண்டுகள் அவருடைய ஆலையே அப்படிக் குறித்தது.

மூடியும் அடிப்பாகமும் ஒரே பூ, ஒரே நிறமா என்றும் பாருங்கள். உடைந்த ஒன்றுக்கு வேறொன்றை மாட்டியிருந்தால் விலை வெகுவாக இறங்கும். விரிசலும், ஓரச் சிதறலை மறைக்க விளிம்பைத் தேய்த்திருப்பதும் அப்படியே.

கையில் எடுத்துப் பார்க்காமல் நான் தொகை சொன்னால் அது உங்களுக்குச் செய்யும் தீங்கு. பெயர், விளிம்பு, அடிப்புறம், விளக்கை ஏற்றாமலும் உள்ளே சிறு டார்ச் வைத்தும் எடுத்த படங்களைக் கண்ணாடிப் பொருள்களுக்குத் தனிப் பிரிவு வைத்திருக்கும் இரண்டு ஏல நிறுவனங்களுக்கு அனுப்புங்கள். ஏல மதிப்பா, காப்பீட்டு மதிப்பா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காப்பீட்டுத் தொகை பெரும்பாலும் அதிகமாக இருக்கும், அந்த விலைக்கு விற்க முடியாது. மதிப்புச் சொல்பவரே வாங்கிக்கொள்கிறேன் என்றால் இன்னொருவரிடமும் கேளுங்கள்.

அதுவரை பழைய வயரில் மின்சாரம் கொடுக்காதீர்கள். மாற்ற நேர்ந்தால், கழற்றிய உலோகத் துண்டுகள் எல்லாவற்றையும் துடைக்காமல் பத்திரமாக எடுத்து வையுங்கள்.