பச்சையாகக் கார்ன்ஃப்ளார் தின்கிறேன்... வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்தா?

அன்புள்ள மேடம்,

வயது 27. முதல் கர்ப்பம், இப்போது ஏழாவது மாதம் தொடங்கியிருக்கிறது. சூப்புக்கு வாங்கிய கார்ன்ஃப்ளாரை நாலாம் மாதத்தில் ஒருநாள் சும்மா வாயில் போட்டேன். இப்போது 100 கிராம் பாக்கெட் இரண்டு நாளுக்கு மேல் வருவதில்லை. மாமியார் தூங்கியதும் அடுப்படியில் நின்று தின்கிறேன். கணவருக்குத் தெரியாது. போன செக்கப்பில் ஹீமோகுளோபின் 9.2. இரும்புச்சத்து மாத்திரை குமட்டுவதால் நிறுத்திவிட்டேன். டாக்டரிடம் எதையும் சொல்லவில்லை. குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமா? எனக்கு மனநோயா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரி,

உங்கள் மனம் நன்றாகத்தான் இருக்கிறது. மாவு, பச்சரிசி, சாம்பல், செங்கல், ஐஸ் போன்றவற்றைத் தின்னத் தூண்டும் அடங்காத ஆசையை மருத்துவத்தில் 'பைகா' என்பார்கள். மசக்கைக்காரி மண் தின்பது சங்கப் பாடலிலேயே வருகிறது. இரும்புச்சத்துக் குறைவுக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. கர்ப்ப காலத்தில் ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே போனால் நடுத்தர ரத்தசோகை. உங்கள் 9.2 அதில்தான் சேரும். வெட்கத்தைத் தள்ளிவைத்து, இதை உடம்பு காட்டும் அறிகுறியாகப் பாருங்கள்.

சூப்பிலோ கஸ்டர்டிலோ ஒன்றிரண்டு ஸ்பூன் கொதிக்கவிட்டுச் சேர்த்தால் பயமில்லை. நீங்கள் தின்பது தினம் சுமார் 50 கிராம், அதுவும் பச்சையாக. அதில் ஏறக்குறைய 190 கலோரி, 45 கிராம் மாவுச்சத்து, அதாவது ஒரு கப் சோற்றில் இருக்கும் அளவு. புரதமும் இரும்பும் இல்லையென்றே சொல்லலாம். வயிறு இதில் நிறைந்தால் கீரை, முட்டை, பருப்புக்கு இடமிருக்காது. ரத்தசோகை கூடும், அதோடு ஆசையும் கூடும். கவனிக்காமல் விட்ட ரத்தசோகையால் குறைப்பிரசவத்துக்கும் எடை குறைந்த குழந்தை பிறப்பதற்கும் வாய்ப்பு அதிகம். வேகாத மாவில் கிருமி இருக்கலாம், மலச்சிக்கல் வரும், உலர்ந்த பொடி புரையேறும். 24 முதல் 28 வாரத்துக்குள் செய்யும் 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனை முடிந்ததா? குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தத்தில் சர்க்கரை 140-ஐத் தொட்டிருந்தால், இந்த மாவு அதை இன்னும் ஏற்றும்.

இந்த வாரமே டாக்டரிடம் போங்கள். "தினம் அரை பாக்கெட் பச்சை மாவு தின்கிறேன், இரும்பு மாத்திரையை நிறுத்திவிட்டேன்." இதை வாயால் சொல்ல முடியாவிட்டால் சீட்டில் எழுதிக் கொடுங்கள். உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். மாத்திரை குமட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் படுக்கப் போகும்போது போட்டுப் பாருங்கள். எலுமிச்சை ஜூஸோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். டீ, காபி, கால்சியம் மாத்திரை எதுவும் அதற்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரத்துக்கு வேண்டாம். மலம் கறுப்பாகப் போவது இயல்புதான், அதற்காக நிறுத்தாதீர்கள். அப்படியும் ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு மாத்திரையோ, நரம்பு வழியாக ஏற்றும் இரும்போ டாக்டர் முடிவு செய்வார். இரும்பு ஏற ஏற, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இந்த ஆசை தானாகவே தணிகிறது.

அதுவரை பழக்கத்தையும் கொஞ்சம் அசைக்க வேண்டும். பாக்கெட்டிலிருந்து நேராகத் தின்னாதீர்கள். அன்றைய அளவைக் காலையிலேயே சின்னக் கிண்ணத்தில் எடுத்துவைத்து, இரண்டு நாளுக்கு ஒரு ஸ்பூன் வீதம் குறையுங்கள். ஆசை எழும்போது கால் மணி நேரம் தள்ளிப்போடுங்கள்; வாய்க்கு நறுக்கென்று கடிக்க வெள்ளரிக்காய், பொட்டுக்கடலை, வறுத்த வேர்க்கடலை வைத்துக்கொள்ளுங்கள். கூவைக்கிழங்கு மாவுக்கோ பச்சரிசிக்கோ மாறுவது தீர்வாகாது. எந்த நேரத்தில், என்ன மனநிலையில் கை போகிறது என்று குறித்து வையுங்கள். தனிமையிலும் கவலையிலும்தான் அதிகம் போகிறதென்றால், அந்தக் கவலையைப் பற்றி நாம் தனியாகப் பேசலாம்.

ஒளித்துத் தின்பதுதான் உங்களை அதிகம் வாட்டுகிறது என்று நினைக்கிறேன். கணவரிடம் இப்படித் தொடங்குங்கள்: "ரத்தம் குறைவா இருக்கறதால எனக்கு மாவு தின்னணும்போல இருக்கு. டாக்டர்கிட்ட கூட வாங்க." மாமியாரிடம் அவரே பக்குவமாகச் சொல்லட்டும். வீட்டில் பாக்கெட் வாங்குவதை நிறுத்தும் பொறுப்பையும் அவரிடமே கொடுங்கள்.

மூச்சிரைப்பு, படபடப்பு, தலைசுற்றல், குழந்தையின் அசைவு குறைதல், இவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.